காரணத்துக்கு மருந்து

எங்கள் வீட்டில் காபி நன்றாக இருக்கும், டாக்டர். கைப்பக்குவம்தான், வேறு ரகசியம் ஒன்றும் இல்லை. பாலைச் சுண்டக் காய்ச்சுவேன், தூளில் கஞ்சத்தனம் பார்க்கமாட்டேன், சர்க்கரை ஒரு கரண்டி தூக்கலாகவே விழும். என் கணவர் ஒரு கப்போடு எழுந்துபோன நாள் கிடையாது.

உங்கள் மேஜைமேல் இரண்டு ரத்தப் பரிசோதனை முடிவுகள் இருக்கின்றன. ஒன்றை நான் பார்க்கும்படி வைத்திருக்கிறீர்கள், இன்னொன்றைக் கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள். பார்க்கும்படி இருப்பது என்னுடையது, போன வாரம் நீங்கள் விடாப்பிடியாக எடுக்கவைத்தது. இத்தனை மாதமாக நீங்கள் எழுதிக்கொடுத்த மருந்து என் ரத்தத்தில் துளிகூட இல்லை, இது எப்படி என்று கேட்கிறீர்கள். நான் பொய் சொன்னதாக நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் "மாத்திரை ஒழுங்கா போகுதா?" என்று கேட்டீர்கள். "ஒழுங்கா போகுது டாக்டர்" என்றேன். போய்க்கொண்டுதான் இருந்தது. முதலிலிருந்து சொன்னால் உங்களுக்கே விளங்கிவிடும்.

என் வேலையை உங்களிடம் சொல்லியிருக்கிறேன். காது டாக்டரின் கிளினிக்கில் செவித்திறன் சோதிக்கிறவள். பஞ்சு பொதிந்த சுவர், இரட்டைக் கதவு, நடுவில் ஒரு கண்ணாடி. அந்தப் பக்கம் நோயாளி ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பார், இந்தப் பக்கம் நான் குமிழைத் திருகுவேன். சத்தம் கேட்டால் அவர் கையைத் தூக்க வேண்டும். சிலர் நான் எந்தச் சத்தமும் கொடுக்காதபோதே தூக்குவார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல முடியாது. அவர்களுக்கு நிஜமாகவே கேட்கும், பாவம். காது கேட்குமோ கேட்காதோ என்கிற பயத்திலேயே ஒரு சத்தம் உண்டாகிவிடும். அப்படிப்பட்டவர்களிடம் நான் முகம் சுளித்ததே இல்லை. கொஞ்சம் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

அந்த அறையிலிருந்து நான் போய்ச் சேருகிற வீடு எப்படிப்பட்டது என்று யோசியுங்கள். என் கணவர் காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விடுகிறவர். சந்தையில் அவருக்கு வெண்கலம் என்று பேர். மைக் இல்லாமல் அந்தக் கொட்டகையின் கடைசி மூட்டை வரைக்கும் குரல் போகும். வேலை முடிந்தால் சட்டையைக் கழற்றுகிற மாதிரி வாயையும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்தால் என்ன என்று நான் நினைத்ததுண்டு. வரமாட்டார். வீட்டிலும் எல்லாவற்றுக்கும் ஏலம்தான். தட்டில் ஒரு ரொட்டித் துண்டு மிஞ்சினால், "கடைசித் துண்டு ஒரு தரம், கடைசித் துண்டு ரெண்டு தரம்" என்று கரண்டியால் மேஜையைத் தட்டுவார். யார் முதலில் குளிப்பது என்பதற்கும் ஏலம். மகள் சிறியவளாக இருந்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

என்னையும் விட்டுவைக்கவில்லை. யாராவது வீட்டுக்கு வந்தால் போதும். "நம்ம மகாராணி ஒரு தரம், மகாராணி ரெண்டு தரம், கேக்க ஆளில்லையா? அப்ப மூணாந்தரமும் எனக்கேதான்" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். கொடுத்துவைத்தவள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். முட்டைக்கோஸ் மூட்டைக்குப் பக்கத்தில் என்னையும் நிறுத்தி விலை கேட்கிறார் என்பது எனக்கு மட்டும்தான் உறைத்தது.

நான் எதையும் வாய்க்கு வந்தபடி சொல்கிறவள் இல்லை. கிளினிக்கில் சத்தத்தை அளக்கிற கருவி ஒன்று உண்டு. அதை ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுவந்து, ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் மறைத்து வைத்து, அவர் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டபோது பார்த்தேன். சாதாரணமாகப் பேசுகிற மனிதர்களைவிடக் கொஞ்சம்தான் அதிகம் காட்டியது. கருவியில் கோளாறு என்று சொல்லிப் பழுதுபார்க்க அனுப்பினேன். கோளாறு ஒன்றும் இல்லை என்று அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போதெல்லாம் யார் அக்கறையோடு வேலை பார்க்கிறார்கள், சொல்லுங்கள்.

பிறகுதான் எனக்கு உடம்புக்கு முடியாமல் போனது. உடம்பு என்றால் உடம்பு இல்லை. காலையில் கண்விழித்தால் நெஞ்சின்மேல் யாரோ மூட்டையை இறக்கிவைத்த மாதிரி கனம். குளிக்கத் தோன்றாது, தலை வாரத் தோன்றாது. ஒருநாள் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்குச் சோதனை நடந்துகொண்டிருந்தது. மனிதர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைத் தூக்கிக் காட்டுகிறார், நான் குமிழில் கையை வைத்தபடி அழுதுகொண்டிருக்கிறேன். எதற்கு அழுதேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் தெரியாது. காது டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு உங்கள் முகவரியைக் கொடுத்தார்.

நீங்கள் பொறுமையாகக் கேட்டீர்கள், அதை எப்போதும் சொல்வேன். கடைசியில், "இதுக்குக் காரணம்னு உங்களுக்கு ஏதாவது தோணுதா?" என்றீர்கள். அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நான் யோசித்துவிட்டு, "எங்க வீட்டுக்காரர்" என்றேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். அதற்குப் பிறகு, இந்த மாதிரி நோய்க்கு ஒற்றைக் காரணம் சொல்ல முடியாது, மூளையின் ரசாயனம், பரம்பரை, இன்னும் பலது உண்டு என்று விளக்கினீர்கள். அதுவும் காதில் விழத்தான் செய்தது. ஆனால் தலையை முதலிலேயே ஆட்டிவிட்டீர்கள்.

மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை, பதற்றத்துக்குப் பாதி மாத்திரை. வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் சமையலறையில் உட்கார்ந்து யோசித்தேன். கொசு கடித்தால் வீங்கின இடத்தில் தைலம் தடவுகிறோம். நாளைக்கும் கொசு வரும், நாளைக்கும் தடவுவோம். கொசுவை யாரும் ஒன்றும் செய்வதில்லை. நோய் எனக்கு, சரி. காரணம் அவர் என்று ஆகிவிட்ட பிறகு, மருந்தை நான் விழுங்கி என்ன பிரயோசனம்? அவர் கூடத்திலிருந்து, "மகாராணி காபி ஒரு தரம்" என்று குரல் கொடுத்தார். நான் அந்தப் பாதி மாத்திரையைப் போட்டுக் கலக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சர்க்கரை தூக்கலாக இருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. இன்னொரு கப் கேட்டார்.

உங்கள் மருந்து நல்ல மருந்து, டாக்டர். சில வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. சாப்பாட்டு மேஜையில் தட்டுவது நின்றது. மிஞ்சின துண்டு மிஞ்சினபடியே கிடந்தது. செய்தித்தாளை வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குத் தூக்கம் வந்தது, பசி எடுத்தது. தலை வாரிக்கொண்டு உங்களிடம் வந்தேன். "முகமே தெளிஞ்சிருக்கே, மருந்து நல்லா கேக்குது" என்று சந்தோஷப்பட்டீர்கள். நானும் சந்தோஷப்பட்டேன். இன்னும் கொஞ்சம் கூட்டலாம் என்றீர்கள். கூட்டினேன்.

சந்தையில்தான் சிரமம் வந்ததாம். விலை ஏறிக்கொண்டிருக்கும்போது எந்த மூட்டைக்கு ஏலம் என்பதை மறந்துவிடுவாராம். வியாபாரிகள் கேலி செய்திருக்கிறார்கள், வெண்கலம் ஈயமாகிவிட்டது என்று. ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு கையைப் பிடித்தார். "எனக்கு என்னமோ ஆவுது. வாய்க்கும் மூளைக்கும் நடுவுல எவனோ ஒருத்தன் உட்காந்துக்கிட்டு ஒவ்வொரு சொல்லா அனுப்பறான்" என்றார். முகத்தில் பயம் தெரிந்தது. அப்புறம் அவரே, "உன் டாக்டர்கிட்ட நானும் ஒரு தடவை வரட்டுமா? உனக்கு நல்லாயிடுச்சே" என்று கேட்டார்.

"உங்களுக்கு எதுக்குங்க? உங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "அதுவும் சரிதான். நீ நல்லாயிட்ட, அது போதும்" என்றார். அவர் கெட்டவர் என்று நான் உங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. காரணம் என்றுதான் சொன்னேன்.

பிறகு எனக்கு உற்சாகம் வந்தது. வந்தால் என்ன தவறு? வீடு அமைதியாக இருந்தது. நான் கூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்தேன், பிடிக்காமல் மறுபடி வேறு நிறம் அடித்தேன். ஜன்னல்களுக்கு எல்லாம் திரை தைத்தேன், ஜன்னல் இல்லாத சுவருக்கும் ஒன்று தைத்தேன். தூக்கமே தேவைப்படவில்லை. உங்களிடம் வந்து மூச்சுவிடாமல் பேசினேனாம். நீங்கள் முகத்தைச் சுருக்கிக்கொண்டு, சிலருக்கு இந்த மருந்து மனதை ஒரேயடியாக மேலே தூக்கிவிடும், பைபோலாராகவும் இருக்கலாம், மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் பிடித்துவைக்க ஒரு மாத்திரை வேண்டும் என்றீர்கள். லித்தியம் எழுதினீர்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஏற்றுவதும் இறக்குவதுமாக ஆயுள் முழுக்கப் பிழைப்பு நடத்தியவர் வீட்டில் இருக்கிறார், நீங்கள் என்னைப் போய்ச் சொல்கிறீர்களே என்று.

இந்த மாத்திரையைப் பற்றி நீங்கள் நிறையச் சொன்னீர்கள். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், சாப்பாட்டில் உப்பைத் திடீரென்று குறைக்கக் கூடாது, அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து ரத்தத்தில் தேங்கிவிடும். "ரத்தக்கொதிப்புக்கு எதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்றும் கேட்டீர்கள். இல்லை என்றேன். நான் சாப்பிடவில்லை. அவர்தான் சாப்பிடுகிறார். அவருடைய ரத்தக்கொதிப்புக்காக நான் வருஷக்கணக்கில் உப்பில்லாமல் தனியாகச் சமைத்துப் போடுகிறவள். ஒரு வேளைகூடத் தவறியதில்லை, டாக்டர். அந்த விஷயத்தில் என்மேல் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் நான் அப்போது பிடி கொடுக்கவில்லை. ஊசி என்றால் பயம் என்றேன், சளி என்றேன், கிளினிக்கில் ஆள் இல்லை என்றேன். இதற்குள் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. காபி சட்டையில் சிந்தும். சிந்தியதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்பார். நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வார். வயதாகிறது என்று அவரே சொல்லிக்கொண்டார், நான் மறுக்கவில்லை.

சந்தையில்தான் விழுந்தார். வெங்காய மூட்டைகளுக்கு ஏலம் நடந்துகொண்டிருந்ததாம். ஒரு தரம் என்று சொல்லியிருக்கிறார், ரெண்டு தரம் என்று சொல்லியிருக்கிறார். மூன்றாவதுக்கு வாயைத் திறந்தவர் திறந்தபடி நின்றிருக்கிறார். வேடிக்கைக்காக இழுக்கிறார் என்று எல்லோரும் சிரித்துக்கொண்டே காத்திருந்திருக்கிறார்கள். அப்புறம் சாய்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில், "என்னென்ன மாத்திரை சாப்பிடறார்?" என்று கேட்டார்கள். ரத்தக்கொதிப்பு மாத்திரையின் பேரைச் சொன்னேன். "அது மட்டுந்தானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் அங்கிருந்த டாக்டர். யோசித்தேன். அவருக்கு எழுதிக்கொடுத்தது அது மட்டும்தான். மற்றதெல்லாம் என் பேரில் இருந்தது. அப்படியே சொன்னேன், அது மட்டுந்தான் என்று. பக்கவாதமாக இருக்கலாம் என்று தலையைப் படம் எடுத்தார்கள். மூளைக்காய்ச்சலோ என்று முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். நான் பக்கத்திலேயே இருந்தேன். உதடு காயாமல் துணியை நனைத்துத் துடைத்துவிட்டேன். அந்த வார்டு நல்ல வார்டு. சன்னமாகப் பேசுவார்கள், கதவைச் சாத்தினாலும் சத்தம் வராது.

வேலைக்காக வேறு ஊரில் இருக்கும் மகள் அங்கே வந்து சேர்வதற்குச் சில நாள் ஆகிவிட்டது. வந்து பெட்டியைக் கீழே வைப்பதற்குள், "அம்மாவோட மாத்திரையை அப்பா தெரியாம எடுத்துச் சாப்பிட்டிருப்பாரோ?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள். அப்பன் குணம். உடனே ரத்தம் எடுத்தார்கள். நீங்கள் கவிழ்த்து வைத்திருப்பது அதுதான் என்று நினைக்கிறேன். லித்தியம் அளவு மலைபோல் ஏறியிருந்ததாம், இயந்திரத்தில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். உயிர் தப்பியது. கொஞ்சம் முன்னாலேயே தெரிந்திருந்தால் பேச்சையும் நடையையும் காப்பாற்றியிருக்கலாம் என்று அந்த டாக்டர் என் மகளிடம் சொன்னார். என்னிடம் சொல்லியிருந்தால் நான் ஆறுதல் சொல்லியிருப்பேன்.

இப்போது வீட்டில் இருக்கிறார். சக்கர நாற்காலி. குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் நான்தான், மகள் கூடமாட இருக்கிறாள். பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள். வாய்க்குப் பழகின சொல்லில் ஆரம்பித்தால் நாக்குச் சீக்கிரம் திரும்பும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. ஆகவே தினமும், "சொல்லுங்க சார், ஒரு தரம்" என்பாள். அவர் கழுத்து நரம்பு புடைக்க முயற்சி செய்வார். "ஒ... த..." என்று குழறி நின்றுவிடும். அதற்குமேல் கண்ணிலிருந்துதான் வரும்.

அவருடைய பழைய குரல் இருந்தால் கேட்கவைக்கலாம் என்று அந்தப் பெண் சொன்னாள். மகளுக்கு அவர் ஃபோனில் பேசி அனுப்பியதெல்லாம் அவளிடம் இருந்தது. அதில் ஒன்றைக் கூடத்தில் போட்டாள். எனக்கு உடம்பு சரியில்லாமல் போக ஆரம்பித்த சமயத்தில் அனுப்பியது. நான் சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்தேன்.

"அம்மா சரியாவே இல்லம்மா. கேட்டா ஒண்ணுமில்லங்கறா. வீடு அமைதியாயிட்டா அழ ஆரம்பிச்சிடறா, அதான் நான் எதையாவது கத்திக்கிட்டே இருக்கேன். ஏலம் விட்டா ஒரொரு சமயம் லேசா சிரிக்கற மாதிரி இருக்கு. நீயும் அடிக்கடி ஃபோன் பண்ணு." பின்னால் நான் பாத்திரம் தேய்க்கிற ஓசை கேட்டது. அப்புறம் ஃபோனிலிருந்து வாயைத் திருப்பிக்கொண்டு, "மகாராணி ஒரு தரம், மகாராணி ரெண்டு தரம்" என்கிறார். மூன்றாவது தரத்துக்கு முன்னால் கொஞ்சம் காத்திருக்கிறார். நான் பதில் சொல்லவில்லை போலிருக்கிறது.

கூடத்துக்கு வந்து ஃபோனைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒலியை முழுக்கத்தான் வைத்திருந்தாள். இருந்தும் அந்தக் குரல் அப்படியொன்றும் பெரிதாக இல்லை. பக்கத்து அறையிலிருந்து ஒரு மனிதர் கூப்பிட்டால் எவ்வளவு கேட்குமோ அவ்வளவுதான். "ஃபோன்ல எல்லாமே சன்னமாத்தான் கேக்கும்" என்று சொல்லி மகளிடம் திருப்பிக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொள்ளாமல் என் முகத்தையே பார்த்தாள். அவர் சக்கர நாற்காலியில் இருந்தபடி என்னைப் பார்த்து, நடுங்குகிற கையை மெதுவாகத் தூக்கினார். எனக்கு என் நோயாளிகள் ஞாபகம் வந்தது.

ஆக, நடந்தது இதுதான். நீங்கள் எழுதிக்கொடுத்தீர்கள், நான் கொடுத்தேன், அவர் குடித்தார். ஒரு வேளைகூட வீணாகவில்லை. போலீஸுக்குச் சொல்ல வேண்டியது உங்கள் கடமை என்கிறீர்கள், சொல்லுங்கள். அவர்களும் நிதானமாக உட்கார்ந்து கேட்டால் புரிந்துகொள்வார்கள். மறைப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆனால் அதற்கு முன்னால் நான் வந்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நெஞ்சின்மேல் அந்தக் கனம் திரும்ப வந்துவிட்டது, டாக்டர். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை, இருந்தாலும் காலையில் எழுந்திருக்க முடியவில்லை. நேற்று பாத்திரம் தேய்க்கும்போது அழுதேன். இதற்குக் காரணம் என்ன என்று நீங்கள் கேட்கப்போகிறீர்கள், அதனால் நானே யோசித்து வைத்திருக்கிறேன். அவராக இருக்க முடியாது, அவர்தான் வாயே திறப்பதில்லையே. என் மகள் சாயங்காலமானால் அப்பாவின் பயிற்சிக்கென்று அந்தக் குரலைப் போடுகிறாள். முடிந்ததும் மறுபடி போடுகிறாள். போட்டுவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

வெளியில்தான் உட்கார்ந்திருக்கிறாள், அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. நல்ல பெண், கொஞ்சம் மெலிந்துபோயிருக்கிறாள். ஆரம்பத்தில் பாதி மாத்திரையே போதும் என்று நினைக்கிறேன். கசக்காததாகப் பார்த்து எழுதுங்கள், டாக்டர். அவள் காபிக்குச் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை.